பதினான்கு குடும்பங்களுக்கு ஒரு சபை தேவையா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஜூன் 3

என் அம்மாவின் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே. அங்குள்ள சபையில் இப்போது பதினைந்து குடும்பங்கள்கூட இல்லை. போதகர் மாதம் ஒருமுறைதான் வருகிறார். ஓடு மாற்ற வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும், எதற்கெடுத்தாலும் வெளியூரில் இருக்கிற எங்களுக்குத்தான் தொலைபேசி வருகிறது. நான்கு கிலோமீட்டரில் பெரிய ஆலயம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பைக் வந்துவிட்ட காலம். இந்தச் சின்னச் சபைகளை மூடிப் பெரிய சபையோடு சேர்த்துவிட்டால் என்ன? தன்னார்வ ஊழியம் என்று ஞாயிறுதோறும் நகரத்திலிருந்து போகிறவர்கள் உண்மையில் யாருக்கு உதவுகிறார்கள்?

2024 ஜூன் 4, இரவு

மூடக் கூடாது. ஒரு சபையைக்கூட மூடக் கூடாது. நகரத்திலிருந்து போகிறவர்களில் நானும் ஒருவன். அதனால் பதில் எழுதாமல் படுக்க முடியவில்லை.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து 2018-இல் ஓய்வு பெற்றவன். வீடு நாகர்கோவிலில். பேச்சிப்பாறைச் சாலையில் இறங்கி மேலே நடக்க வேண்டிய ஒரு சபைக்கு 2006 முதல் போய்வருகிறேன். வேலையில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை டூட்டியை மாற்றிக்கொண்டு போவேன். மாற்றித் தந்த நண்பர்களில் பாதிப் பேர் இந்துக்கள். ஒருவரும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான் குருப்பட்டம் பெற்றவன் அல்ல, இறையியல் படித்தவனும் அல்ல. எங்கள் பக்கத்தில் கௌரவ ஊழியர் என்பார்கள். ஊதியம் கிடையாது.

பைக் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது, திண்ணையில் உறை போட்டு நிற்கிறது. ஓட்டுகிற பையன் துபாயில் இருக்கிறான், அல்லது கேரளத்தில் கட்டட வேலையில் இருக்கிறான். வீட்டில் இருப்பது அவனுடைய அம்மா. வாரத்தில் ஆறு நாள் முந்திரி ஆலையில் குந்தியிருந்து பருப்பு உடைத்துவிட்டு வருகிற அந்த அம்மா, ஏழாம் நாள் நான்கு கிலோமீட்டர் இறங்கி, ஆராதனை முடிந்து அந்த மேட்டை ஏற வேண்டுமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில், இரவு பதினொரு மணிக்கு அந்த மேட்டில் ஒரு பாட்டா (முதியவர்) இறந்துபோனார். சபையின் மூப்பர் போய் ஆலய மணியடித்தார். அரை மணி நேரத்தில் பதினான்கு வீடும் அந்த முற்றத்தில் இருந்தது. பக்கத்திலுள்ள இரண்டு இந்து வீட்டாரும் குடையோடு வந்து நின்றார்கள். பெண்கள் விடியும்வரை கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். நானும் போதகரும் போய்ச் சேரும்போது காலை ஒன்பது மணி. கல்லறைக் குழி வெட்டி முடித்திருந்தார்கள். பெரிய ஆலயத்தின் மணி அந்த மேட்டுக்குக் கேட்காது.

2024 ஜூன் 5

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன். கேள்வி கேட்ட தம்பி, உங்கள்மேல் கோபம் இல்லை. ஓடு மாற்றப் பணம் அனுப்புகிறவர் நீங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'யாருக்கு உதவுகிறார்கள்' என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். அது எளிய கேள்வி அல்ல. வருகிறேன்.

2024 ஜூன் 9, ஞாயிறு

இன்று போய்வந்தேன். மழை. மழை என்றால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் ஆலயத்துக்கு ஆண்கள் வருவார்கள். இது எனக்குப் புரியவே மூன்று ஆண்டுகள் ஆயின.

ரப்பர் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். வெயில் ஏறுவதற்குமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பிறகு ஒவ்வொரு மரமாகப் போய்ச் சிரட்டையில் விழுந்த பாலை எடுத்து, ஆசிட் சேர்த்து உறையவைத்து, ஷீட் அடித்து முடிக்கப் பத்து மணி தாண்டும். சிறு தோட்டங்களில் ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டு. அது ஞாயிறு என்று பார்த்து வராது. நானோ நாகர்கோவில் பழக்கத்தில் ஆராதனையை எட்டரை மணிக்கு வைத்துவிட்டு, ஆண்கள் வரவில்லையே என்று மூன்று ஆண்டுகள் பிரசங்கத்தில் குறைபட்டுக்கொண்டிருந்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. வெளியிலிருந்து வருகிறவர் சொன்னால் கேட்டுக்கொள்வது அவர்கள் மரியாதை.

2009-இல் ஒருநாள் ஒரு பையன், பால் கறை படிந்த சட்டையோடு ஓடிவந்து கடைசி ஜெபத்தில் நின்றான். மூச்சு வாங்கியது. அன்று மூப்பரைக் கேட்டேன். 'பதினொன்றரைக்கு வைத்தால் எல்லாரும் வருவார்கள், சார்' என்றார். ஏன் இதுவரை சொல்லவில்லை என்றேன். 'உங்கள் பஸ் நேரம் அப்படி என்று நினைத்தோம்' என்றார்.

அன்றிலிருந்து பதினொன்றரை.

2024 ஜூன் 12

பழையதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் சின்னச் சபை என்பது ஏதோ தேய்ந்துபோன மிச்சம் என்பதுபோல் ஒருவர் எழுதியிருக்கிறார். நம் மாவட்டத்துச் சீர்திருத்தச் சபைகள் எல்லாமே சின்னச் சபையாகத் தொடங்கியவை. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சாவூர்ப் பக்கம் போன இடத்தில் விசுவாசத்தைப் பெற்றுத் திரும்பினார். அவருடைய அழைப்பின்பேரில் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர், லண்டன் மிஷனைச் சேர்ந்தவர், 1806-இல் இங்கே வந்து மயிலாடியில் ஆலயம் கட்டினார். ஊர் ஊராக நடந்தே போனவர்.

நான் சொல்ல விரும்புவது அவரைப் பற்றி அல்ல. 1816-இல் உடல் நலிந்து அவர் இங்கிருந்து புறப்பட்டார். அதன்பின் அவர் முடிவு என்ன ஆனது என்றே உறுதியாகத் தெரியவில்லை. அடுத்த மிஷனெரியான மீட் ஐயர் வந்து சேரும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இந்தச் சபைகளை நடத்தியவர் யார்? வேதமாணிக்கம்தான். வெளிநாட்டு மிஷனெரி ஒருவர்கூட இல்லாத இரண்டு ஆண்டுகள். ஓலைக்கூரையின்கீழ், ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பில். அந்த இரண்டு ஆண்டுகளில் 'ஆள் இல்லை, மூடிவிடலாம்' என்று முடிவெடுத்திருந்தால் இன்று நாகர்கோவிலில் ஆயிரக்கணக்கில் கூடுகிற ஆலயங்கள் எங்கிருந்து வந்திருக்கும்?

2024 ஜூன் 13

ஆசிரியர் ஒருவர் திருத்தியிருக்கிறார், சரிதான். 1806 என்பது ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்த ஆண்டு. மயிலாடி ஆலயம் எழுந்தது 1809-இல். இடையில் மூன்று ஆண்டுகள் கட்டடமே இல்லை. இது என் பக்கத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

2024 ஜூன் 23, ஞாயிறு இரவு

தம்பியின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இதை எழுதுவதற்கு இரண்டு வாரம் பிடித்தது.

2006 முதல் 2015 வரை நான் அந்தச் சபைக்கு என்னென்ன செய்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன். கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன். நாகர்கோவில் பாடகர் குழுவிலிருந்து நான்கு இளைஞர்களை அழைத்துப் போனேன். ஞாயிறுதோறும் நானே பிரசங்கம் செய்தேன், நானே வேதபாடம் வாசித்தேன், நானே அறிவிப்பும் சொன்னேன். சிறுவர்களுக்கு ஓய்வுநாள் பாடசாலையும் நானே.

2015-இல் இதயத்தில் அடைப்பு. மூன்று மாதம் வீட்டைவிட்டு நகரக் கூடாது என்றார் மருத்துவர். மூன்று மாதம் கழித்து மகன் காரில் கொண்டுபோய் விட்டான். ஆலய வாசற்படியில் புல் முளைத்திருந்தது. போதகர் வந்த மூன்று ஞாயிறுகளைத் தவிர ஆலயத்தைத் திறக்கவே இல்லையாம். மூப்பர் கையைப் பிசைந்துகொண்டு, 'நீங்கள் வரும்வரை பொறுத்திருக்கலாம் என்று இருந்துவிட்டோம், சார்' என்றார்.

அன்று ஒரு பாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை என் வேதாகமத்தின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். நான் வருவதற்கு முன்பு, சபையைக் கவனித்துவந்த உபதேசியார் இறந்துபோன பிறகு, ஐந்து ஆண்டுகள் அவர்கள் தாங்களாகவே கூடியிருக்கிறார்கள். யாராவது ஒருவர் சங்கீதம் வாசிப்பார், யாராவது ஒரு கீர்த்தனையைத் தொடங்குவார், ஆளுக்கொரு ஜெபம், வீட்டுக்குப் போய்விடுவார்கள். 'நீங்கள் வந்து நன்றாகப் பாடினீர்கள், மக்களே. அதைக் கேட்டபிறகு எங்கள் குரல் எங்களுக்கே பிடிக்காமல் போய்விட்டது' என்றார்.

என்மேல் குற்றம் சுமத்தும் தொனி அதில் துளியும் இல்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆகவே தம்பி, 'உண்மையில் யாருக்கு உதவுகிறார்கள்' என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஒன்பது ஆண்டுகள் நான் எனக்குத்தான் உதவிக்கொண்டிருந்தேன்.

2024 ஜூன் 25

மேலே எழுதிய கடைசி வரி மிகை என்று என் மனைவி சொல்கிறாள். ஓய்வுநாள் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளில் இருவர் இன்று செவிலியர்கள், அதை மறக்கக் கூடாது என்கிறாள். சரி. வேலை வீண் போகவில்லை, செய்த விதம்தான் தவறு. அதற்குமேல் எனக்கு நானே சலுகை கொடுக்க மாட்டேன்.

அதன்பிறகு என்ன மாற்றினேன் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு போதகர் வருகிறார், அன்று திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிர்வது. தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) முறைப்படி அதைக் குருப்பட்டம் பெற்றவர்தான் நடத்த முடியும், என்னால் முடியாது, முடியவும் கூடாது. அவருடைய பொறுப்பிலுள்ள சபைத் தொகுதியில், அதாவது சேகரத்தில், இன்னும் பல சபைகள் இருக்கின்றன. மூன்றாம் ஞாயிறு நான். மற்ற ஞாயிறுகளில் நான் போனாலும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவேன். ஆராதனையை அவர்களே நடத்துவார்கள். கீபோர்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், ஏனென்றால் அங்கே அதை வாசிக்க யாருக்கும் தெரியாது, ஆள் இல்லாத வாத்தியத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடவே கூச்சப்பட்டார்கள். இப்போது கஞ்சிரா ஒன்று இருக்கிறது. அதை அடிக்கிறவர் பால் வெட்டுகிறவர், கைத்தாளம் பிசகாது.

முதலில் அவர்கள் செய்தியளிக்க மறுத்தார்கள். 'எங்களுக்கு என்ன தெரியும்?' ஐந்து நிமிடம் போதும், வேதபாடத்தை வாசித்துவிட்டு மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள் என்றேன். ஆறு மாதம் யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. வாசிப்பு முடிந்ததும் மௌனமாக உட்கார்ந்திருப்போம். அந்த ஐந்து நிமிட மௌனத்தைத் தாங்குவது எனக்கு நடத்துநர் வேலையில் எந்தக் கூட்டத்தையும் சமாளித்ததைவிடக் கடினமாக இருந்தது.

பிறகு ஒருநாள் 2009-இல் ஓடிவந்த அதே பையன் எழுந்தான். அப்போது அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பவுல் தகப்பன்மாருக்கு எழுதிய பகுதி அன்றைய பாடம். அவன் சொன்னான்: கத்தியைப் பட்டையில் மட்டும் இறக்க வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போய்த் தடியைத் தொட்டுவிட்டால் அன்றைக்குப் பால் வரும், ஆனால் அந்த இடத்தில் புதுப்பட்டை சரியாக வளராது, மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும், என் அப்பா என்னை அப்படி வெட்டினார், நான் என் மகனை அப்படி வெட்டிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் சொன்னான். உட்கார்ந்துவிட்டான். பதினெட்டு ஆண்டுகளில் அந்த ஆலயத்தில் நான் கேட்ட சிறந்த பிரசங்கம் அது. என்னுடையவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2024 ஜூலை 7, ஞாயிறு

பணம் பற்றி. சாதாரண ஞாயிறில் காணிக்கை நானூறு முதல் எழுநூறு ரூபாய் வரை விழும். பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். மாதக் கடைசியில் அது ஆலயத்துக்கு வரும், அங்கேயே விற்பார்கள். ஒருவர் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர்) மூட்டையைக் கொண்டுவந்து வைப்பார். வேரோடும் மண்ணோடும் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வரும்.

ஆண்டுக்கொரு முறை அறுவடைப் பண்டிகை ஏலம். ஏத்தன் வாழைக்குலை, சேவல், தேங்காய், நல்லமிளகு, சக்கை (பலாப்பழம்) எல்லாம் வரும். கீழே தேநீர்க் கடை வைத்திருக்கும் அண்ணன், அவர் கிறிஸ்தவர் அல்ல, சென்ற ஆண்டு ஒரு சக்கையை 1,100 ரூபாய்க்கு எடுத்தார். எடுத்ததைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுத்தார். மறுபடி ஏலம் விட்டார்கள். அந்த ஒரே சக்கை நான்கு முறை விலைபோனது. கடைசியில் எல்லாருமாக அறுத்துத் தின்றோம்.

1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சந்தையில் ஒருவரை ஒருவர் பெயர் கேட்டுவிட்டுப் பேசிய நாள்களை நான் பார்த்திருக்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48 சதவீதத்துக்குச் சற்று மேல், கிறிஸ்தவர்கள் 46 சதவீதத்துக்கு மேல். ஏறக்குறைய சரிபாதி. இப்படிப்பட்ட இடத்தில் அந்தச் சக்கை எனக்கு எவ்வளவு பெரியது என்று வெளியூர் நண்பர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை. வெளியே பார்த்து ஒலிபெருக்கி கட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். உள்ளே இருக்கிற நாற்பது பேருக்கு ஒலிபெருக்கியே வேண்டாம்.

2024 ஜூலை 10

'இரண்டு பேராவது மூன்று பேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்' என்ற வசனத்தை நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். சின்னச் சபை என்றதும் எல்லாரும் அதைத்தான் எடுக்கிறோம், நானும் நூறு முறை எடுத்திருக்கிறேன். தயவுசெய்து மத்தேயு 18-ஐப் பதினைந்தாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் அது தொடங்குகிறது. வழக்குத் தீர்ப்பது பற்றிய பகுதியின் முடிவில் வருகிற வசனம் அது.

சின்னச் சபையின் உண்மையான ஆபத்து எண்ணிக்கை அல்ல, வழக்குதான். ஐந்நூறு குடும்பச் சபையில் இரண்டு குடும்பங்கள் பேசிக்கொள்ளாவிட்டால் யாருக்கும் தெரியாது. பதினான்கில் இரண்டு குடும்பங்கள் முறைத்துக்கொண்டால், கொண்டான் கொடுத்தான் உறவெல்லாம் சேர்ந்து சபையே இரண்டாகிவிடும். எங்கள் சபையில் அது நடந்தது. ஒரு நடைபாதை. ஒரு வீட்டின் புரயிடம் (வீட்டைச் சுற்றிய நிலம்) வழியாக இன்னொரு வீட்டார் நாற்பது ஆண்டுகள் நடந்தார்கள். ரப்பர் விலை ஏறியபோது வேலி வந்தது. ஒரு வீட்டார் பெரிய ஆலயத்துக்குப் போய்விடுவோம் என்று கிளம்பினார்கள். (தம்பி, நீங்கள் சொல்கிற இணைப்பு பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது.)

எனக்கு அங்கே நிலமும் இல்லை, உறவும் இல்லை. அதனால் இரண்டு திண்ணையிலும் உட்கார முடிந்தது. வெளியிலிருந்து போகிற ஊழியர் செய்யக்கூடிய, உள்ளூரார் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டென்றால் இதுதான். இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தேன். வேலி இன்னும் இருக்கிறது. அதில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். ஆலயத்தில் இரு வீட்டாரும் எதிரெதிர்ப் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். ஆனால் அசனத்துக்கு, அதாவது சபையின் பொதுவிருந்துக்கு, இந்த வீட்டு வார்ப்பில் (பெரிய பாத்திரத்தில்) அந்த வீட்டு அரிசி வேகிறது. இதற்குமேல் என்னால் ஆகவில்லை.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கள். குரலைப் பற்றிச் சொன்ன அந்தப் பாட்டிக்கு வயது 84. 1956 நவம்பர் 1-இல் நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு எனப்படும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது பதினாறு வயது. அதற்கு முன்பே பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டார். படித்தது நான்காம் வகுப்பு வரை, மலையாளத்தில். அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், பாடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அவர் மடியில் இருக்கும் வேதாகமம் மலையாளம். இது எனக்கு ஒன்பது ஆண்டுகள் தெரியாது! தமிழ் வேதாகமத்தைத்தான் விரித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசிக்க வேண்டிய முறை வந்தபோதுதான், தம்மால் முடியாது என்று அவர் ஏன் தலையாட்டினார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்று அவர் மலையாளத்தில் 121-ஆம் சங்கீதம் வாசித்தார். சங்கீதத்தை அவர் 'சங்கீர்த்தனம்' என்றுதான் சொல்வார். 'பர்வதம்' என்ற சொல் இரண்டு மொழியிலும் அந்த இடத்தில் வருகிறது. அதைச் சொல்லும்போது நிமிர்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே மலையில் மேகம் இறங்கியிருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

2024 செப்டம்பர் 15

ஜூன் 4-இல் 'ஒரு சபையைக்கூட மூடக் கூடாது' என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

சென்ற வாரம் எனக்குத் தெரிந்த இன்னொரு சபைக்குப் போயிருந்தேன். ஐந்து குடும்பங்கள். நடுவில் ஓடிய ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது. அக்கரையில் பத்து நிமிட நடையில் அறுபது குடும்பச் சபை. ஐந்து குடும்பத்தாரும் தாங்களாகவே கூடிப் பேசி, சேர்ந்துகொள்வது என்று முடிவெடுத்தார்கள். கடைசி ஆராதனை முடிந்து மணியைக் கழற்றி, பாட்டுப் பாடிக்கொண்டே பாலத்தைக் கடந்து கொண்டுபோனார்கள். அக்கரைச் சபையார் பாதி வழி வந்து வாங்கிக்கொண்டார்கள். அந்த ஐந்து வீட்டிலிருந்து ஓர் அக்கா அங்கே பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்குச் செயலாளர் ஆகியிருக்கிறார். அவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஓடைதான் அவர்களைப் பிரித்திருந்தது. நான் அந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்து வருத்தப்பட்டேன், அவர்கள் வருத்தப்படவில்லை.

ஆகவே என் நிலை இப்போது இது: மூடுவதா வேண்டாமா என்பதை அந்த ஊரில் கல்லறை உள்ளவர்கள் முடிவெடுக்கட்டும். பணம் அனுப்புகிற நீங்களும் வேண்டாம், பஸ்ஸில் போகிற நானும் வேண்டாம்.

2024 அக்டோபர் 20, ஞாயிறு

கிறிஸ்மஸுக்குக் குழுவாக வந்து பரிசுப்பொருள் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல மனத்தோடுதான் கேட்கிறீர்கள். ஒருமுறை அப்படி ஒரு குழு வந்தது. பெயர் சொல்ல மாட்டேன். இரண்டு வேன். எண்ணெய், சோப்பு, சேலை. ஒவ்வொருவராக முன்னே வந்து வாங்கும்போது படம் எடுத்தார்கள். ஒரு படம் சரியாக வரவில்லை என்று ஓர் அம்மாவை மறுபடி வாங்கச் சொன்னார்கள். அந்த அம்மா அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். 'நான் ஆலயத்தில் பிடி அரிசி போடுகிறவள். என்னை வாங்குகிறவளாக ஆக்கிவிட்டார்களே' என்றார்.

வாருங்கள். வெறுங்கையோடு வாருங்கள். அடுத்த மாதமும் வாருங்கள். நம் மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனைக்கு ஆங்கிலேய மருத்துவர் சாமர்வெல் முதலில் வந்தது சும்மா பார்க்கத்தான். 1922-இல் எவரெஸ்ட் மலையேற்றப் பயணம் முடிந்த கையோடு வந்தவர், அங்கே காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்தார். திரும்பி வந்து இருபது ஆண்டுகளுக்குமேல் அங்கே அறுவை சிகிச்சை செய்தார். நம் மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பது திரும்பி வந்ததற்காக.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

ஒக்கி புயல் அடித்து நேற்றோடு ஏழு ஆண்டுகள். 2017 நவம்பர் 30 வியாழக்கிழமை. அந்த ஞாயிறு, டிசம்பர் 3, கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பஸ் இல்லை. ஒரு நண்பரின் பைக்கில் போன வரைக்கும் போய், மீதியை நடந்தேன். சாலை முழுக்க ரப்பர் மரங்கள் முறிந்து கிடந்தன. வாழைத் தோட்டங்கள் தரையோடு தரை. ஆலயத்து ஓடுகள் பாதிக்குமேல் இல்லை. யாரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ரப்பர் ஷீட் உலர்த்துகிற கொட்டகையில் பாட்டுச் சத்தம் கேட்டது. முப்பத்தொரு பேர் இருந்தார்கள். எனக்காகக் காத்திருக்கவில்லை. தொடங்கி, பாதி முடித்திருந்தார்கள். தங்கள் மரங்கள் போனதைப் பற்றி ஜெபித்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மூப்பர் ஜெபித்தது கடலில் போனவர்களுக்காக. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்திலிருந்து கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி மலைக்கும் வந்துவிட்டிருந்தது. அவர்கள் கத்தோலிக்கர், இவர்கள் சி.எஸ்.ஐ. மலையில் இருக்கிறவர்களில் பலர் அந்த ஊர்களைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அடுத்த வாரம் விழுந்த தோட்டத்திலிருந்து எடுத்த மரச்சீனியை ஆறு மூட்டை கட்டி அனுப்பினார்கள்.

பிறகு ஒருவர் ஆலயத்துக்குக் கான்கிரீட் கூரையே போட்டுத் தருவதாகச் சொன்னார். வாசலில் பெயர்க்கல் வைக்க வேண்டும் என்றார். சபையார் இரண்டு ஞாயிறு பேசினார்கள். வீட்டுக்கு ஐம்பது ஓடு என்று முடிவு செய்துவிட்டார்கள். மழையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, உண்மைதான். தம்பி, உங்களுக்கு வருகிற தொலைபேசி அதற்காகத்தான் என்றால், ஐம்பது ஓட்டுக்கு மேல் அனுப்ப வேண்டாம்.

ஒவ்வோர் ஆண்டும் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறில் கடலில் போனவர்களுக்காக ஜெபிப்பது இப்போது அங்கே வழக்கமாகிவிட்டது. நான் சொல்லித் தொடங்கியதல்ல. இன்று அதை ஏறெடுத்தது பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். புயலின்போது அவளுக்கு ஒன்பது வயது. நான் கடைசி பெஞ்சில் பாட்டியின் பக்கத்தில் இருந்தேன்.

தம்பி, ஜனவரியில் ஊருக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் அம்மாவின் ஊர் எங்கள் சபையிலிருந்து இரண்டு மேடு தள்ளித்தான் என்று நினைக்கிறேன். ஜனவரியில் மழை இருக்காது, காலில் அட்டை ஏறாது. ஆலயத்துச் சாவி மூப்பர் வீட்டுச் சன்னலில் தொங்கும், பதினொரு மணிக்குப் போனால் திறந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மரச்சீனியும் மீன்கறியும் வைப்பார்கள்.